தீவு முழுக்க என் காலடி

வழி தெரியாதவனால் யாருக்கும் பெரிய ஆபத்து இல்லை. அவன் நாலு பேரிடம் கேட்பான். கேட்டுக் கேட்டாவது போய்ச் சேர்ந்துவிடுவான். வழி தெரிந்தவன்போல் முன்னால் நடக்கிறானே, அவன்தான் பின்னால் வருகிறவர்களின் காலைக் கெடுப்பவன். இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. (ஏழாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடி வரவில்லை.) என் மனைவியின் உள்ளங்காலைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு ஊர் ரங்கூன், தாகேதா. ஆனால் ஊரில் இருந்த காலம் குறைவு. முதலில் அங்கேயே அலோன் துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன். தெற்கே ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுத்தேன். மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவு ஆட்டினேன். கடைசியாக ஒரு சுற்றுலாக் கப்பலின் சமையல்கட்டில் தட்டுக் கழுவும் வேலை கிடைத்தது. கப்பல் என்றதும் கடல், காற்று என்று நினைக்கவேண்டாம். நான் இருந்த அடித்தட்டில் ஜன்னலே கிடையாது. கடல் ஆடினால் தட்டு ஆடும். அதை வைத்துத்தான் கடல் இருக்கிறது என்று தெரியும்.

கோடைக்காலம் முழுக்க அந்தக் கப்பல் ஒரு கிரேக்கத் தீவுக்கு வாராவாரம் போகும். வேலைக்கு நடுவில் எனக்கு ஒரு மணி நேரம் கரை இறங்க அனுமதி உண்டு. அந்த நேரத்தில் துறைமுக வாசலை ஒட்டிய குட்டைச் சுவரில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ போடுவேன். பக்கத்து ஐஸ்கிரீம் கடையின் இன்டர்நெட் அந்தச் சுவர்வரைக்கும்தான் எட்டும். எழுந்து நாலடி நடந்தால் என் மனைவி உறைந்துபோய்விடுவாள்.

மனைவி பெயர் தனலட்சுமி. வீட்டில் தனம்; தெருவில் பர்மாக்காரர்களுக்கு மா தந்தா. வீட்டுச் சுவரில் பழைய காலண்டர் படம் ஒன்றை ஒட்டி வைத்திருந்தாள். வெள்ளைச் சுவர்கள், அதன்மேல் நீலக் கோபுரம் வைத்த மாதா கோயில், கீழே கடல். நான் போகும் தீவும் அந்தப் படத்திலிருக்கும் தீவும் ஒன்று என்று தெரிந்த நாளிலிருந்து, வீடியோவில் குழந்தையைப் பற்றிப் பேசி முடித்ததும் கேட்பாள்.

"அந்த நீலக் கோயிலுக்குப் போனீங்களாங்க?"

"போகாம? போன வாரங்கூடப் போனேன். இந்தத் தீவு முழுக்க என் காலடி பட்டிருக்கு தனம்!"

என் காலடி பட்டது அந்தச் சுவர்வரைக்கும்தான். ஆனால் தட்டுக் கழுவுகிறவனுக்கும் பெண்டாட்டியிடம் சொல்ல ஏதாவது வேண்டாமா?

அந்தப் பொய்க்கு ஒரு நாள் சோதனை வந்தது. கப்பலில் சில வருடம் ஒழுங்காக வேலை பார்த்தவன், மனைவியை ஒரு வாரம் கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருந்தது. என் முறை வந்தது. விசாவுக்கு நாங்கள் அலைந்த அலைச்சல் தனிக் கதை. குழந்தையைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுத் தனம் வந்து சேர்ந்தாள். கன்னத்தில் தனகா மரப்பட்டைக் குழம்பு பூசி, மஞ்சள் தமெயின் கைலி கட்டி, காலில் புது வெல்வெட் செருப்பு. மண்டலேயிலிருந்து சொல்லி வரவழைத்த செருப்பு. சிவப்பு வெல்வெட். அதைக் கப்பல் தரையில் வைத்து நடக்கவே யோசித்தாள்.

அவள் வந்ததற்கு ஒரே காரணம்தான். எங்கள் இரண்டு பேர் முகமும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும். கல்யாணப் போட்டோ ஒன்று இருந்தது. தாகேதாவில் ஒரு மழைக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது அது நனைந்து, என் முகம் இருந்த இடம் கரைந்துவிட்டது. பார்க்கிறவர்களுக்கு, தனம் ஒரு பழுப்புக் கறைக்கு மாலை போட்டு நிற்பதுபோல் இருக்கும். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து நின்று யாரும் எடுக்கவில்லை. நான் ஊரில் இருந்தால்தானே?

"நீலக் கோயில் பின்னால தெரியணும். முன்னால நாம ரெண்டு பேரு. அதத்தான் மாட்டப் போறேன்," என்று வந்த முதல் நாளே சொல்லிவிட்டாள்.

அந்த வாரத்தில் எனக்கு விடுமுறை ஒரே ஒரு பகல். கப்பல் தீவில் நிற்கும் பகல். மாலை வேலைக்குத் திரும்பிவிடவேண்டும். வராதவனை விட்டுவிட்டுக் கப்பல் போய்விடும், வேலையும் போய்விடும்.

துறைமுக வாசலில் பஸ்கள் வரிசையாக நின்றன. ஒரு பஸ்ஸின் நெற்றியிலேயே நீலக் கோபுரத்தின் படம் ஒட்டியிருந்தது. தனம் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, இது அங்கதான் போகுது போல. ஏறிடுவமா?"

ஏறியிருக்கலாம். ஒரு குழந்தைகூட ஏறியிருக்கும். ஆனால் பஸ்ஸுக்குள் எங்கள் கப்பல் பயணிகள் இருந்தார்கள். அவர்கள் தின்ற தட்டைக் கழுவுகிற நான், அவர்களோடு சேர்ந்து கொடி பிடித்த வழிகாட்டி ஒருவன் பின்னால் போவதா? அதுவும் 'தீவு முழுக்க என் காலடி' என்று சொன்ன பிறகு?

"பஸ் ஊரைச் சுத்திப் போகும். எனக்குக் குறுக்கு வழி தெரியும். வா."

ஊருக்குப் பின்னால் ஒரு குன்று. அதன் உச்சியில் சிலுவை வைத்த சின்ன வெள்ளைக் கோயில். கீழிருந்து மேல்வரை கருங்கல் படிகள். நீலக் கோபுரம் அதற்குப் பின்னால்தான் இருக்கவேண்டும் என்று நானாக முடிவு செய்தேன். (எந்த ஆதாரத்தில் என்று கேட்காதீர்கள். தனம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.)

படி தொடங்குமிடத்தில் ஓரமாக இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது. அதைப் பார்த்ததும் நாங்கள் இருவரும் ஒன்றாக நின்றோம். ரங்கூனில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. குன்றின்மேல் பயா என்கிற புத்தர் கோயில் இருந்தால் அடிவாரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படி ஏறவேண்டும். தமிழனானாலும் பர்மாக்காரனானாலும் கால் தானாகவே கழற்றிவிடும்.

நான் கழற்றி ஓரமாக விட்டேன். தனமும் கழற்றினாள். ஆனால் கையில் எடுத்துக்கொண்டாள். "பைக்குள்ள வச்சுக்கறேன். நம்ம பயாவுல அப்படித்தான எடுத்துட்டுப் போவோம்?"

"புண்ணிய இடத்துக்குச் செருப்பைத் தூக்கிட்டுப் போறதா? பாரு, இங்க ஜனங்க எவ்வளவு மரியாதையா வச்சுட்டுப் போயிருக்கு. ஒருத்தரும் தொடல."

"அதோ அவங்க போட்டுக்கிட்டுல்ல ஏறுறாங்க?"

மேலே ஒரு வெள்ளைக்காரத் தம்பதி பூட்ஸோடு ஏறிக்கொண்டிருந்தது.

"அதுங்களுக்கு என்ன தெரியும்? நம்ம ஊருக்கு வந்தாலும் பயாவுல பூட்ஸோட ஏறித் திட்டு வாங்குதுங்கல்ல?"

தனம் வெல்வெட் செருப்பை அந்த இரண்டு ஜோடிக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தவாறு ஒழுங்காக வைத்தாள். நாங்கள் கொஞ்சம் ஏறித் திரும்பிப் பார்த்தபோது, கடலில் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்த இரண்டு பையன்கள் அந்த இரண்டு ஜோடியையும் மாட்டிக்கொண்டு போனார்கள். தனம் என்னைப் பார்த்தாள். நான் உச்சியைப் பார்த்தேன்.

காலை நேரம் என்பதால் ஏறுவது பெரிதாகத் தெரியவில்லை. முள்ளும் ஆட்டுப் புழுக்கையும்தான். உச்சியில் கோயில் பூட்டியிருந்தது. அதற்குப் பின்னால் ஒரு வெள்ளாடு இருந்தது. நீலக் கோபுரம் இல்லை. அது பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம், அடுத்த மலையில், சட்டைப் பொத்தான் அளவுக்குத் தெரிந்தது. அதன் காலடியில் தீப்பெட்டிபோல் பஸ்கள்.

"அங்க தெரியுது," என்றாள் தனம்.

"ஆமா."

"நாம எங்கங்க இருக்கோம்?"

"எதிர்த்தாப்புல."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு அந்தக் கோயிலின் வெள்ளைச் சுவர் முன்னால் நின்றாள். காற்று அடித்தது. கடல் கீழே பரந்து கிடந்தது. அந்தப் பூட்ஸ் தம்பதி போட்டோ எடுத்துத் தரட்டுமா என்று கையால் கேட்டது.

"இங்கயே எடுத்துக்குவோங்க. பொத்தான் மாதிரியாவது தெரியுதுல்ல."

அங்கேதான் நான் அந்த நாளின் பெரிய வேலையைச் செய்தேன். "வேணாம் தனம். இவ்வளவு தூரம் வந்துட்டு இதென்ன போட்டோ? கிட்டப் போயி நல்லா எடுக்கலாம். பள்ளத்துல இறங்கி ஏறினா வந்துரும்," என்றேன். அந்தத் தம்பதிக்கு வேண்டாம் என்று கைகாட்டினேன். அவர்கள் போய்விட்டார்கள்.

பள்ளத்தில் வழி என்று எதுவும் இல்லை. முள்ளுக்குள் புகுந்து, ஆடுகூடத் திரும்பிவிடும் இடம்வரை போய், நாங்களும் திரும்பினோம். மறுபடி உச்சிக்கு வந்தபோது வெயில் நேர் தலைக்கு மேல். கருங்கல் படிகள் ரொட்டி சுடுகிற கல்லாக மாறியிருந்தன.

முதல் படியில் கால் வைத்ததும் தனம், "அமலே!" என்று அலறினாள். வலியோ பயமோ வந்தால் அவள் வாயில் பர்மா மொழிதான் வரும். அடுத்த படிக்கும் அமலே. நான் என் சட்டையைக் கழற்றிக் கிழித்து அவள் காலில் சுற்றினேன். கொஞ்ச தூரம் தூக்கிக்கொண்டு நடந்தேன். (துறைமுகத்தில் அரிசி மூட்டை தூக்கியவன்தான். ஆனால் அரிசி மூட்டை இடுப்பில் கிள்ளாது.) பாதி இறக்கத்தில் என் காலும் பொத்துக்கொண்டது. இருவரும் உட்கார்ந்துவிட்டோம். கல்லில் உட்காரவும் முடியாமல் எழுந்தோம்.

ஒரு வீட்டு வாசலிலிருந்து கறுப்பு உடை போட்ட நடுவயது அம்மா ஒருத்தி எட்டிப் பார்த்தாள். சட்டையில்லாத ஒரு கறுத்த ஆள், காலில் துணி சுற்றிய ஒரு பெண், இரண்டு பேரும் குதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும், ஓடி வந்து தனத்தைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனாள். ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் நாலு காலையும் அதற்குள் வைத்தோம். அந்த அம்மா தனத்தின் கொப்புளங்களைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னாள். கிரேக்க மொழி எனக்குத் தெரியாது. ஆனால் அது என் மாமியார் உயிரோடு இருந்தால் சொல்லியிருக்கக்கூடியதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தனம் தண்ணீரில் விரலை அசைத்துக்கொண்டே சிரித்தாள். "நீங்க எங்க உக்காந்து பேசுவீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தச் சுவருதான? இறங்கின உடனே பாத்துட்டேன். வீடியோல எத்தனை வருசமா உங்க தலைக்குப் பின்னால அந்த ஐஸ்கிரீம் படந்தான். ஒரு தடவகூட வேற எதுவும் தெரிஞ்சதில்ல."

எனக்குத் தொட்டிக்குள் தலையை விடலாம் போலிருந்தது. "அப்ப பஸ்ஸுல ஏறச் சொல்லி ஏன் சண்ட போடல?"

"கல்யாணம் ஆனதுலேந்து நீங்க என்னய எங்க கூட்டிட்டுப் போயிருக்கீங்க? இன்னிக்குத்தான். வழி சொல்லிக்கிட்டு முன்னால நடந்தீங்க. பாக்க நல்லா இருந்துச்சு. விட்டுட்டேன்."

மனிதனைத் திட்டாமல் கொல்வது என்றால் அதுதான்.

அப்போது அந்த அம்மாவின் கணவர் வந்தார். தனம் என் போனை அவரிடம் நீட்டி, எங்கள் இரண்டு முகத்தையும் காட்டி, ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். அவர் மிகவும் அக்கறையாகத் தலையாட்டினார். குனிந்தார், தள்ளி நின்றார், மறுபடி குனிந்து எடுத்தார். நேரமாகிவிட்டது என்று நான் கடலைக் காட்டிக் கப்பல் மாதிரி ஊதிக் காட்டியதும், தன் மூன்று சக்கர வண்டியில் தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவே எங்களை ஏற்றி, வேறு பாதையில் நேராகத் துறைமுகத்தில் கொண்டுவந்து விட்டார். அந்தப் பாதை எங்கள் படிக்கட்டுப் பக்கம் போகவில்லை. தனம் வழி முழுக்கக் குன்று இருந்த திசையையே பார்த்துக்கொண்டு வந்தாள். வெல்வெட் செருப்பு அங்கேயே நின்றுவிட்டது.

அன்று மாலையும் இரவும் ரப்பர் பூட்ஸுக்குள் கொப்புளக் காலோடு நின்று தட்டுக் கழுவினேன். அது பெரிய விஷயமில்லை. அதைவிட மோசமாக நின்றிருக்கிறேன். வேலை முடிந்து வந்து பார்த்தபோதுதான் போட்டோ தெரிந்தது. துல்லியமான போட்டோ. நீலத் தொட்டி நடுவில். அதற்குள் நாலு கால். எங்கள் முழங்காலுக்கு மேலே எதுவும் இல்லை.

"அடுத்த வருசம் பஸ்ஸுலயே போவோம்," என்றேன். அவளும் சரி என்றாள். அடுத்த வருடம் பெருந்தொற்று வந்து கப்பல்கள் ஓடவில்லை. ஓடத் தொடங்கியபோது என்னைக் கூப்பிடவில்லை. இப்போது நான் அலோன் கிடங்கு ஒன்றில் காவல் வேலை பார்க்கிறேன். வெளிநாடு போவது எங்கள் ஊரில் இப்போது நினைத்தவுடன் நடக்கிற காரியமில்லை. தனத்துக்கு முழங்கால் வலி வந்துவிட்டது. பயாவுக்குப் போனாலும் லிப்ட் இருக்கும் வாசலாகப் பார்த்துத்தான் போகிறோம்.

அந்தப் போட்டோவை அவள் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள். காலண்டர் படத்துக்குப் பக்கத்தில். யாராவது வந்து இது என்ன என்று கேட்டால், "இதாங்க கிரீஸ்," என்பாள். எங்கள் மகள் பவானி அந்தக் கதையைத் தன் தோழிகளுக்குப் பர்மா மொழியில் சொல்லுவாள். அந்த மொழியில் என் பங்கு இன்னும் கேவலமாக இருக்கிறது.

வீட்டில் எனக்கு ஒரு தண்டனை நிரந்தரமாகிவிட்டது. நாங்கள் எங்கே கிளம்பினாலும், நான் வாய் தவறி "எனக்கு வழி தெரியும்" என்று சொன்னால் போதும். பவானி உடனே குனிந்து தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். போன மாதம் தாகேதா சந்தைக்குப் போகும்போது, அவளோடு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் கழற்றினார்கள். தெருவில் எல்லோரும் சிரித்தார்கள்.

தனமும் சிரித்தாள். ஆனால் அவள் கழற்றவில்லை. அவள் அதை ஒருநாளும் செய்ததில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "நீங்க முன்னால நடங்க, வர்றேன்," என்றாள்.