பேரும் வீட்டு நம்பரும் எழுதி வைச்சுக் களவெடுத்த பூசணிக்காய்

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை காலமை எனக்குத் தந்த வேலை ஒண்டே ஒண்டுதான். ஒரு பூசணிக்காய் கொண்டு வரோணும்.

இடம், இங்கிலாந்திலை ஒரு சின்னக் கிராமம். ஒரு தெரு, ஒரு தேவாலயம், தாராக்கள் நீந்துற ஒரு குளம், ஒரு கடை. பட்டணத்துக்குக் காலமை ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். என்ரை தங்கச்சி சுகந்தி மூண்டு மாசத்துக்கு முதல் லண்டனை விட்டிட்டு அங்கை வீடு வாங்கினவள். அவளின்ரை குடிபூரலுக்கெண்டு நான் ஒஸ்லோவிலை இருந்து போனனான்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேணும். ஒஸ்லோவிலை எல்லிங்ஸ்ருட் எண்ட இடத்திலை அடுக்குமாடி வீடொண்டிலை இருபத்தெட்டு வருஷமா இருக்கிறன். வெளிக்கிட முதல் கதவிலை இருக்கிற கண்ணாடி ஓட்டையாலை படியைப் பாப்பன். பக்கத்து வீட்டு மனுசி நிண்டால், அவ போய் முடியுமட்டும் சப்பாத்தோடை உள்ளுக்கையே நிப்பன். அவவும் எனக்கு அப்பிடித்தான் செய்யிறவ. எங்களுக்குள்ளை ஒரு பிரச்சினையும் இல்லை.

சுகந்தியின்ரை ஊரிலை இந்த வேலை சரிவராது. எதிரிலை வாற எல்லாரும் குட்மோர்ணிங் சொல்லினம். சொல்லிப்போட்டுப் போகாமல் மழையைப் பற்றிக் கதைக்கினம். முதல்நாள் பால் வாங்கப் போன நான் ஒரு மணித்தியாலம் கழிச்சு வந்தன். பாலை மறந்திட்டன்.

ஆனால் சுகந்திக்கு வேறை கவலை. "மதிலுக்கு அங்காலை நிண்டு எவ்வளவும் கதைப்பினம் அக்கா. மூண்டு மாசமா ஒருத்தரும் படலைக்குள்ளை கால் வைக்கேல்லை" எண்டாள். பட்டணத்திலை மருந்துக்கடையிலை வேலை செய்யிறவள், ஊரிலை பாதிப்பேருக்கு மருந்து குடுக்கிறவளே அவள்தான். எண்டாலும் வீட்டுக்கு ஒருத்தரும் வாறதில்லை. அதாலை குடிபூரல் அண்டைக்குப் பின்னேரம் நாலு மணிக்குத் தேத்தண்ணி குடிக்க வாங்கோ எண்டு வீட்டுக்கு வீடு அட்டை எழுதிப் போட்டிருந்தாள். நூற்றி இருபது வடைக்கு உழுந்து ஊறப்போட்டிருந்தாள். நான் வந்து இறங்கினதும் இறங்காததுமாக் கையைப் பிடிச்சுச் சொன்னவள், "அக்கா, நாளைக்கு ஒரு பிழையும் வரக்கூடாது."

என்னாலை என்ன பிழை வரப்போகுது எண்டு நான் கேட்டன். அவள் உழுந்து ஊறிச்சுதோ எண்டு பாக்கப் போயிட்டாள்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் தொடங்குது. அதுக்கு முதல் எல்லாம் முடியோணும். சுகந்தியின்ரை மனுசன் குமரன் விடியவே காரை எடுத்துக்கொண்டு ஐயரைக் கூட்டி வரப் போயிட்டார். எட்டேமுக்காலுக்கு ஐயர் வழியிலை இருந்து போன் எடுத்தார். கண்ணூறு கழிப்புக்கு நீத்துப்பூசணிக்காய் ஆயத்தமோ எண்டு கேட்டார்.

நானும் சுகந்தியும் ஆளை ஆள் பாத்தம். ஒஸ்லோவிலை குறொன்லாண்டுக் கடையளிலை கறிவேப்பிலை தொடக்கம் கற்பூரம் வரைக்கும் வாங்கிப் பெட்டி நிறையக் கொண்டு வந்தனான். பூசணிக்காய் பாரமெண்டு விட்டிட்டு வந்தனான்.

ஐயர் நல்ல மனுசன். நீத்துப்பூசணி இல்லாட்டில் சாதாரண பூசணியும் பறவாயில்லை, காய் பெருசா முழுசா இருந்தால் சரி எண்டார். வீட்டிலை விழுற ஊர்க்கண் எல்லாத்தையும் அந்தக் காய் வாங்கிக்கொண்டு போகோணும், அதாலை முச்சந்தியிலை போட்டு உடைக்கோணும் எண்டார்.

சுகந்தி வடை தட்டிக்கொண்டு நிண்டாள். நான் வெளிக்கிட்டன்.

கடையிலை கேட்டன். பூசணிக்காய் இன்னும் வரேல்லையாம். கடைக்காரர் அதுக்குப் பதிலா ரெண்டு வெள்ளரிக்காயைக் காட்டினார். ஊர்க்கண்ணை வெள்ளரிக்காய் தாங்காது எண்டதை எனக்கு இங்கிலிசிலை சொல்லத் தெரியேல்லை.

திரும்பி வரேக்கை தேவாலயத்துக்குப் பக்கத்திலை இருக்கிற மண்டபத்து வாசலைப் பாத்தன். அங்கை ஒரு மேசை. மேசைக்கு மேலை ஒரு பூசணிக்காய். அப்பிடியொரு காயை நான் சீவியத்திலை கண்டதில்லை. பக்கத்திலை நூலிலை கட்டின ஒரு பேனையும் ஒரு தாளும்.

இதிலைதான் என்ரை இருபத்தெட்டு வருஷ ஒஸ்லோ வாழ்க்கை என்னைக் கவிட்டது.

ஒஸ்லோவிலை இலையுதிர்காலம் வந்தால், தோட்டம் வைச்சிருக்கிறவை அப்பிள்களைப் பெட்டியிலை போட்டு வாசலிலை வைப்பினம். விரும்பினவை எடுக்கலாம். எங்கடை அடுக்குமாடியிலை எதுக்கும் ஒரு தாள் தொங்கும். உடுப்புத் தோய்க்கிற அறைக்கு ஒரு தாள், முத்தம் கூட்டுற நாளுக்கு ஒரு தாள். பேரை எழுதி வீட்டு நம்பரை எழுதினால் அலுவல் முடிஞ்சுது. ஆரோடையும் கதைக்கத் தேவையில்லை.

தாளைப் பாத்தன். மேலை ஏதோ நீளமா, வளைச்சு வளைச்சு எழுதியிருந்தது. வாசிக்கிற கண்ணாடி வீட்டிலை. அதுக்குக் கீழை வரிசையாப் பேர், பேருக்கு நேரை ஒரு நம்பர். முப்பத்தொண்டு, நாப்பத்திரெண்டு, இருபத்தெட்டு. நாப்பது பேர் இருக்கும். அப்ப நாப்பது பேர் நாப்பது பூசணிக்காய் கொண்டு போயிட்டினம், இதுதான் கடைசிக் காய் எண்டு விளங்கிக் கொண்டன். பிள்ளையாரே வைச்சுத் தந்தது எண்டு நினைச்சு, சுகந்தி எண்டு எழுதி, வீட்டு நம்பர் ஏழையும் எழுதினன்.

தூக்கினன். அது அசையேல்லை.

வீட்டை ஓடிப்போய், என்ரை வெறும் பயணப் பெட்டியை உருட்டிக்கொண்டு வந்தன். பூசணிக்காயை மேசையாலை உருட்டிப் பெட்டிக்குள்ளை விழுத்தி, மேலை ஏறி இருந்து சிப்பை இழுத்தன். தெருவிலை பெட்டியை இழுத்துக்கொண்டு போகேக்கை சந்திச்ச மூண்டு பேரும் அதுக்குள்ளை வெளிக்கிட்டாச்சோ எண்டு கவலையோடை கேட்டினம். நான் எல்லாருக்கும் "யா, யா" எண்டன். அவசரத்திலை நோர்வே மொழிதான் வாயிலை வரும்.

குளத்தடியிலை ஒரு சின்னப் பாலம், ஏற மூண்டு படி. அதிலை பெட்டி ஏறேல்லை. நாயோடை வந்த ஒரு வயசுபோன மனுசன் ஓடிவந்து மற்றப் பக்கம் பிடிச்சார். கொலின் எண்டு பேர் சொன்னார். என்ன இவ்வளவு பாரம் எண்டு கேட்டார். சாப்பாட்டுச் சாமான் எண்டு சொன்னன், பொய்யில்லைத்தானே. மனுசன் மூச்சு வாங்க வாங்கத் தூக்கித் தந்து, தொப்பியைக் கழட்டிக் கும்பிடாத குறையா வழியனுப்பினார்.

பத்து மணிக்கு ஐயர் வந்திட்டார். சாமி படம் வைச்சுப் பால் காய்ச்சி எல்லாம் வடிவா நடந்தது. பத்து இருபதுக்குப் பூசணிக்காய்க்குக் குங்குமம் பூசி, மேலை கற்பூரம் கொழுத்தி, வீட்டைச் சுத்திக் காட்டி, குமரனும் நானுமாப் பிடிச்சுக்கொண்டு முச்சந்திக்குப் போனம். சந்தியிலை பஸ்ஸுக்கு நிண்ட ரெண்டு மனுசியள் மரியாதையா விலகினவை.

முதல் தரம் போட்டம். உடையேல்லை, ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டு நிண்டது. ஐயர் மணிக்கூட்டைக் காட்டினார். ரெண்டாந்தரம் குமரன் தலைக்கு மேலை தூக்கினார். விழுந்த சத்தத்திலை தாராக்கள் எல்லாம் எழும்பிப் பறந்திது. பஸ்ஸுக்கு நிண்டவையிலை ஒருத்தி வாயைப் பொத்தினா. அது குமரனின்ரை பலத்தைப் பாத்த வியப்பு எண்டு நினைச்சன்.

பதினொண்டுக்கு வீட்டு மணி அடிச்சுது.

வாசலிலை மார்கரெட் எண்ட மனுசி நிண்டா. ஊர்ச் சங்கத்துத் தலைவி. கையிலை அந்தத் தாள். அவவுக்குப் பின்னாலை கொலின், கொலினுக்குப் பின்னாலை பாதி ஊர்.

தாளிலை மேலை எழுதியிருந்ததைச் சுகந்தி எனக்கு வாசிச்சுக் காட்டினாள். தேவாலயக் கூரை திருத்துறதுக்கு ஒரு போட்டி. பூசணிக்காயின்ரை நிறை எத்தினை இறாத்தல் எண்டு ஊகிக்கோணும். சனிக்கிழமை எல்லாருக்கும் முன்னாலை நிறுக்கப் போயினமாம். மூண்டு கிழமையா ஊர் முழுக்க அதைப் பற்றித்தான் கதையாம், சுகந்தியின்ரை காதுக்கு மட்டும் வரேல்லை.

உலகத்திலை பேரும் வீட்டு நம்பரும் எழுதி வைச்சிட்டுக் களவெடுத்த ஆள் நான் ஒருத்தியாத்தான் இருப்பன். அதுவும் தங்கச்சியின்ரை பேர்.

சுகந்தியின்ரை முகம் வெளிறிப் போச்சுது. நான் தாளைப் பாத்தன், நிலத்தைப் பாத்தன். அப்பிடியே விமானம் ஏறி என்ரை கதவுக்குப் பின்னாலை போய் நிக்கலாம்போலை இருந்தது. எனக்குத் தெரிஞ்ச இங்கிலிசிலை சொறி சொன்னன். பத்துத் தரம் சொல்லியிருப்பன்.

கொலின் முன்னுக்கு வந்தார். அந்தப் பூசணிக்காயை வளத்தது அவர்தானாம். தன்ரை காயைத் தானே பாலத்தாலை தூக்கிவிட்டிருக்கிறார். கடைசியா என்னைப் பாத்து மெதுவாக் கேட்டார்.

"களவெடுத்தது பறவாயில்லை. ஆனால் ஏழு இறாத்தல் எண்டா எழுதினனீங்கள்?"

அவருக்கு அதுதான் நொந்திருக்குது.

அது வீட்டு நம்பர் எண்டு சுகந்தி விளங்கப்படுத்தினாள். ஏன் உடைச்சனாங்கள் எண்டும் சொன்னாள், ஊர்க்கண் எண்ட இடத்திலை மட்டும் கொஞ்சம் தடுமாறினாள். மார்கரெட் யோசிச்சா. அவவுக்குக் கண்ணூறு பிரச்சினையில்லை. நாப்பது பேர் போட்டிக்குக் காசு கட்டிப்போட்டினம், நிறுக்காமல் விடேலாது எண்டதுதான் பிரச்சினை.

அதுக்குப் பிறகு நடந்ததை என்ரை கண்ணாலை கண்டிராட்டில் நான் நம்பமாட்டன். ஊர்ச்சனம் வாளியும் தும்புத்தடியுமாச் சந்திக்கு வந்து, பூசணித் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கிச்சினம். ஒரு மனுசி ரெண்டு விரலாலை விதைகளை ஒவ்வொண்டா எடுத்தா. குங்குமத்தின்ரை நிறையைக் கழிக்கிறதோ இல்லையோ எண்டு ஒரு பெரிய வாக்குவாதம் நடந்தது.

நிறுக்கிறதுக்கு வாளியைப் படலைக்குள்ளை கொண்டு வர, ஐயர் குறுக்கை நிண்டு கையை நீட்டி மறிச்சார். "பிள்ளை, கழிச்ச சாமான் வளவுக்குள்ளை வரப்படாது" எண்டார். ஊரார் அதை வேறை மாதிரி விளங்கிச்சினம். இவர் ரெண்டு பக்கமும் சேராத ஆள், நிறுவையை இவர்தான் பாக்கோணும் எண்டு மார்கரெட் சொன்னா. குளியலறைத் தராசைப் படலைக்கு வெளியிலை வைச்சம். ஐயர் வேட்டிக்கு மேலை குமரனின்ரை குளிர் ஜக்கெட்டோடை குனிஞ்சு பாத்து, முப்பத்தாறு எண்டு அறிவிச்சார். அவருக்குக் கைதட்டினவை.

அப்ப பஸ்ஸுக்கு நிண்ட மனுசி கையை உயத்தினா. கொலினின்ரை நாய் ஒரு பெரிய துண்டைத் திண்டதைத் தான் கண்டதாம். பஸ்ஸையும் விட்டிட்டு இதைச் சொல்லத்தான் நிண்டிருக்கிறா. கொலின் தயங்காமல் நாயைத் தூக்கித் தராசிலை வைச்சார். திங்கக்கிழமைதான் மிருக வைத்தியர் நாயை நிறுத்துப் பாத்தவராம். வித்தியாசம் ஒரு இறாத்தல். மொத்தம் முப்பத்தேழு. கடைக்காரர் வெண்டார். பரிசு அந்தப் பூசணிக்காய்தான், வாளியோடை குடுத்தம். கோழிக்குப் போடுறன் எண்டு கொண்டு போனார்.

இவ்வளவும் முடியச் சனம் குளிரிலை கையைத் தேய்ச்சுக்கொண்டு நிண்டுது. வீட்டுக்குள்ளை இருந்து வடை வாசம் வந்துது. சுகந்தி படலையைத் திறந்து பிடிச்சாள். நாலு மணிக்கு எண்டுதான் எழுதினனான், இப்பவே வந்தாலும் சந்தோசம் எண்டு சொன்னாள்.

ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்திச்சினம். எல்லாரும் சப்பாத்தோடை. சாமி படத்துக்கு முன்னாலையும் சப்பாத்து. நான் வாயைத் திறக்கவும் சுகந்தி என்ரை கையை நல்லா நுள்ளினாள். நூற்றி இருபது வடையும் பன்ரெண்டரைக்கு முதல் முடிஞ்சுது. கொலின் மட்டும் ஒன்பது. குசினிக்குள்ளை போய்ப் பாத்தன், சுகந்தி வெறுந்தட்டைப் பிடிச்சுக்கொண்டு அழுதுகொண்டு நிண்டாள். என்னடி எண்டு கேட்டன். உழுந்து போதாமல் போச்சுதக்கா எண்டாள். அவ்வளவு சந்தோசமா அவள் அழுது நான் காணேல்லை.

ஊர்க்கண் படாமல் இருக்க உடைச்ச காய், ஊரையே வீட்டுக்குள்ளை கொண்டு வந்து இருத்திப் போட்டுது. ஐயர் போகேக்கை, இப்பிடியொரு கழிப்பைத் தான் செய்ததில்லை எண்டு சொல்லிப்போட்டுப் போனார். பெருமையாச் சொன்னாரோ எண்டு தெரியேல்லை.

நான் ஒஸ்லோவுக்குத் திரும்பி ரெண்டு கிழமையாலை சுகந்தி போன் எடுத்தாள். ஊர்ச் சங்கத்திலை அவளைச் சேத்திட்டினமாம். வாற வருஷம் பூசணிக்காய்க்குக் காவல் இருக்கிற பொறுப்பே அவளுக்குத்தானாம், கூட்டத்திலை எல்லாரும் கையை உயத்தி ஓம் எண்டவையாம்.

ஒரேயொரு நிபந்தனை: அந்தக் கிழமை அக்கா நோர்வேயை விட்டு வெளிக்கிடக்கூடாது.