முப்பத்தெட்டில் எது முதல்?

"சரி, எதிலேருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்டாள் மேவிஸ்.

ரொட்டியில் வெண்ணெய் தடவியபடியே, ஏதோ கடைக்குப் போக எந்தப் பேருந்து என்று கேட்பதுபோலக் கேட்டாள். பெர்னார்ட் ட்ரப்ஷா குடித்துக்கொண்டிருந்த தேநீர் பாதி மூக்கு வழியாக வெளியே வந்தது.

"எதை?"

"உன் ஏழாற்று நாட்டைத்தான். சனிக்கிழமை கடற்கரைக்குப் போறோமே. ஒரு வாரம் அந்தக் கேரவன் வண்டி வீட்டுக்குள்ள உக்காந்து மழையைத்தான் பாக்கப்போறோம். கையில ஒரு புத்தகம் இருந்தா நல்லதுன்னு தோணிச்சு."

பெர்னார்ட் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு நடைக்கூடத்தை எட்டிப் பார்த்தார்.

ஏழாற்று நாட்டுக் கதைகள் மொத்தம் முப்பத்தெட்டு புத்தகம். நடைக்கூடத்து அலமாரி அவற்றின் கனத்தில் நடுவே தொங்கிப்போயிருந்தது. அந்த நாட்டில் ஏழு ஆறு, ஏழு ராஜா, நீச்சல் தெரியாத டாபின் என்ற படகோட்டி, பாலத்தில் சுங்கம் வசூலிக்கும் ஒரு டிராகன். டிராகனுக்குத் தீராத ஜலதோஷம். ஒவ்வொரு புத்தகத்தையும் பெர்னார்ட் நாலைந்து தடவையாவது படித்திருப்பார். யாராவது ஒன்றை எடுத்துத் திரும்ப வைத்தால், அரை விரல் தள்ளியிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்து படிப்பார். திடீரென்று தோள் குலுங்கச் சிரிப்பார். சமையலறையிலிருந்து மேவிஸ், "என்ன சிரிப்பு?" என்பாள்.

"அது ஒண்ணுமில்ல. முதல்லேருந்து படிச்சிருந்தாத்தான் புரியும்."

கல்யாணமாகி முப்பது வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

அவர் முயற்சி செய்யாமல் இல்லை. கல்யாணத்துக்கு முன்பே ஆசையாக ஒன்றாம் புத்தகத்தில் இன்னொரு பிரதி வாங்கி அவளுக்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். அதில் முதல் நாற்பது பக்கமும் ஏழு ராஜாக்களின் வம்சாவளி. முப்பதாவது பக்கத்தில் மேவிஸ் அதை மூடி, ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அண்டை கொடுத்தாள். மேசை இன்றுவரை ஆடவில்லை.

இப்போது அவளாகவே கேட்கிறாள். இந்தத் தடவையும் சொதப்பினால் இனி ஒரு தடவை கிடையாது. கேரவன் கூரையில் மழை, எதிரெதிரே இருவர், ஒருத்தி சிரிக்க, மற்றவர் "எந்த இடம்? எந்த இடம்?" என்று கேட்பது. பெர்னார்டுக்கு வாழ்க்கையில் பாக்கியிருந்த ஆசை அது ஒன்றுதான்.

"ரெண்டு நாள் டைம் குடு," என்றார்.

"புத்தகம்தானே கேட்டேன், கிட்னியா கேட்டேன்?" என்றாள் மேவிஸ்.

பெர்னார்டுக்குத் தொழில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அதில் எங்கே ஆரம்பிப்பது என்ற குழப்பமே இல்லை. முதலில் இருக்கை, அப்புறம் கண்ணாடி, அப்புறம் பெல்ட். அதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம்: எஞ்சின் ஓடும்போது கற்றுக்கொள்பவர் வாயைத் திறக்கக் கூடாது. அந்த ஊரில் பாதிப் பேர் அவரிடம் மௌனமாகக் கார் கற்றவர்கள்.

அன்று காலை திருமதி பெக்கின் முறை. தேவாலயத்துக்குப் பக்கத்தில், தர்ம காரியத்துக்காகப் பழைய சாமான் விற்கும் கடையைப் பார்த்துக்கொள்பவர். ஓட்டுநர் தேர்வில் ஐந்து முறை தோற்றவர். ஐந்து முறையும் பரீட்சை வைத்தவர்தான் பதறினார் என்பது அவர் கட்சி.

"ஒண்ணாவதா, நாலாவதா..." என்று பெர்னார்ட் தனக்குள் முனகினார். திருமதி பெக் உடனே நாலாவது கியருக்குப் போக, வண்டி இருமியது.

"கியர் இல்லைங்க, புத்தகம்! என் மனைவி ஏழாற்று நாடு படிக்கணும்கிறா. எதை முதல்ல குடுக்கறதுன்னு தெரியாம முழிக்கிறேன்."

"யாரு, மேவிஸா?" திருமதி பெக் தலையைத் திருப்பினார். "அட, மேவிஸ்தான்—"

"ரோட்டைப் பாருங்க! எஞ்சின் ஓடும்போது பேச்சு கிடையாது!"

திருமதி பெக் வாயை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை மாலை பெர்னார்ட் ஆலோசனைக்குப் போனார். ஊரில் ஏழாற்று நாட்டுப் பைத்தியம் இன்னும் இரண்டு பேருக்கு உண்டு. ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார் ரோலண்ட் ஒருவர். சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் குவெண்டா இன்னொருத்தி. மூவரும் புதன்தோறும் மதுக்கடையின் ஜன்னலோர மேசையில், ஆளுக்கொரு நிரந்தர நாற்காலியில் உட்காருவார்கள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் ரோலண்ட். "ஒண்ணாம் புத்தகம். எழுதின வரிசையிலதான் படிக்கணும். பொறந்த குழந்தை நேரா காலேஜுக்கா போகுது?"

"நாப்பது பக்கம் வம்சாவளி, ரோலண்ட்!" என்றாள் குவெண்டா. "குழந்தை தொட்டில்லயே தூங்கிப்போயிடும். பெர்னார்ட், நாலாவதைக் குடு. டிராகன் வர்றது அதுலதான்."

"டிராகனுக்கு ஏன் ஜலதோஷம்னு ஒண்ணாவதுல இருக்கு. காரணம் தெரிய வேண்டாமா?"

"காரணம் எதுக்கு? தும்முது, பாலம் எரியுது. இன்னும் என்ன வேணும் ஒரு மனுஷிக்கு?"

"கதையை நுனிப்புல் மேயறவங்க இப்படித்தான் பேசுவாங்க."

"நான் நுனிப்புல்லா? இருபத்தெட்டாம் புத்தகத்தைப் படிக்கவே இல்லைன்னு போன கிறிஸ்துமஸ்ல குடிச்சுட்டு அழுதது யாரு?"

கடைக்காரர் கோப்பை துடைப்பதை நிறுத்திவிட்டார். ரோலண்ட் எழுந்தார். தன் கோப்பையை எடுத்துக்கொண்டு, கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்து மேசையில் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அந்த மேசையில் யாரும் விரும்பி உட்கார்ந்ததே கிடையாது.

நண்பர்களைச் சேர்த்துவைக்கவும் வேண்டும், மேவிஸுக்கும் வழி சொல்ல வேண்டும். பெர்னார்ட் இரவெல்லாம் யோசித்து ஒரு சமாதானத் திட்டம் போட்டார். நாலாவதில் ஆரம்பி. ஏழாம் அத்தியாயத்தில் நிறுத்து. ஒண்ணாவதுக்கு வா, வம்சாவளியைத் தாண்டு, பிறகு ஆறு, பிறகு நாலின் மிச்சம். சொன்னால் புரியாது என்று, சுவரில் ஒட்டியதுபோக மீந்த பூக்காகிதச் சுருளின் பின்பக்கத்தில் படமாகவே வரைந்தார். படகோட்டிக்கு நீலக் கோடு, டிராகனுக்குச் சிவப்பு, அரண்மனைச் சமையல்காரிக்குப் பச்சை. குளிர்பெட்டியில் ஆரம்பித்துக் கொல்லைக் கதவுவரை சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்தார்.

வியாழக்கிழமை காலையில் மேவிஸ் கையில் தேநீரோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்தாள். நிஜமாகவே ஆர்வமாகத்தான் பார்த்தாள்.

"டாபின் ஆத்துல மூழ்கினப்புறம் இந்த நீலக் கோடு எங்க போகுது?"

பெர்னார்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டாபின் மூழ்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"நீதானே படம் போட்டிருக்கே? குமிழிகூட வருது பாரு."

உண்மைதான். உற்சாகத்தில் நாலு குமிழி வரைந்துவைத்திருந்தார். பத்தொன்பதாம் புத்தகத்தின் பெரிய துக்கத்தை, அவள் ஒரு வரி படிப்பதற்கு முன்பே, குளிர்பெட்டிக்கு மேலே ஒட்டியாகிவிட்டது! பாய்ந்துபோய்ப் பிடித்து இழுத்தார். படம் வந்தது. அதோடு சுவரில் ஏற்கெனவே இருந்த பூப்போட்ட காகிதமும் கொல்லைக் கதவுவரை உரிந்து வந்தது.

மொட்டைச் சுவரை இருவரும் பார்த்தார்கள்.

"பரவாயில்ல," என்றாள் மேவிஸ். "அந்தப் பூ எனக்கு என்னிக்கும் பிடிச்சதில்ல. அப்போ, எதுல ஆரம்பிக்கலாம்?"

அவள் குரலில் கோபமே இல்லை. அது பெர்னார்டை இன்னும் கலக்கியது. மேவிஸ் குளிக்கப் போய்விட்டாள். இந்த வருஷம் அவள் குளியல் ஒரு மணி நேரத்துக்குக் குறைவதில்லை. சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குபீரென்று ஒரு சிரிப்பு கேட்டது.

"என்ன ஆச்சு?" என்று பெர்னார்ட் கத்தினார்.

"ஒண்ணுமில்ல, சோப்பு வழுக்கிடுச்சு!"

குளித்து முடித்து, பழைய துணி கொடுத்துவிட்டு வருகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். போகும்போது எவ்வளவு கனமோ, வரும்போதும் பை அவ்வளவு கனமாகவே இருந்தது. பெர்னார்டுக்கு அதையெல்லாம் கவனிக்க நேரமில்லை. அவர் ஒண்ணாம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்பது பக்கத்தையும் சேர்த்து ஸ்டேப்ளரால் பின் அடித்துக்கொண்டிருந்தார். ரோலண்ட் சொன்னபடி ஒன்றிலேயே ஆரம்பித்ததாகவும் இருக்கும், வம்சாவளியில் அவள் மாட்டிக்கொள்ளவும் மாட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ரோலண்ட் சமாதானம் பேச ஒரு பழக் கேக்கோடு உள்ளே வந்தார்.

"என்ன பண்றே?"

"ராஜாக்களை மட்டும் மூடறேன். கதை அப்படியே இருக்கு."

ரோலண்டின் முகம் வெளுத்தது. "யோவ், அது முதல் பதிப்பு. இந்த ஊர்லயே ஒண்ணுதான் இருக்கு. அதுல ஆணியடிக்கிறியா நீ?"

"ஆணி இல்லப்பா, சின்னக் கம்பி—"

ரோலண்ட் மேசையில் வைத்த கேக்கையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சிறிது நேரத்தில் தொலைபேசி அடித்தது. குவெண்டா.

"நீயும் ஒண்ணாம் புத்தகக் கட்சிக்குப் போயிட்டியாமே? ரோலண்ட் சந்தையெல்லாம் கேக்கப் புலம்பிக்கிட்டிருக்கார். பின் அடிச்சாலும் ஒண்ணு ஒண்ணுதான், பெர்னார்ட். அடுத்த புதன்கிழமை ஜன்னலோரத்துல நீ மட்டும் உக்காந்து தும்மிக்கிட்டிரு."

மேவிஸ் அவர் கையிலிருந்து புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். வெண்ணெய்க் கத்தியின் நுனியால் கம்பிகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தாள்.

"பாவம், ராஜாக்களும் மூச்சு விட வேண்டாமா?" என்றாள்.

பெர்னார்டுக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு நண்பர்கள் போனார்கள், சுவர் போயிற்று, முதல் பதிப்பு சல்லடையாயிற்று. விடிந்தால் வெள்ளி, அதற்கு மறுநாள் பயணம். அவள் இன்னும் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. கடைசியில் அவளே சலித்துப்போய், "வேண்டாம், நான் ஸ்வெட்டர் பின்னுறேன்" என்று சொல்லப்போகிறாள். தன் சிரிப்பைத் தானே சிரித்துக்கொண்டு சாக வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை திருமதி பெக் வண்டியை எடுத்தார். பெர்னார்டின் கண் ரோட்டில் இல்லை.

"மிஸ்டர் ட்ரப்ஷா, மேவிஸ் விஷயமா ஒண்ணு—"

"இண்டிகேட்டர்."

"இல்லைங்க, நேத்து கடைக்கு வந்தப்போ அவங்களே—"

"கியர்."

"நீங்க வீணா மனசைப் போட்டு—"

"திருமதி பெக்! எஞ்சின் ஓடும்போது பேச்சு கிடையாது, எத்தனை தடவை சொல்றது? அடுத்து வலது பக்கம் திரும்புங்க."

திருமதி பெக் ஒரு தடவை அவரைப் பார்த்தார், ஒரு தடவை முன்னால் பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டு, கண்ணாடி பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பாடத்தில் உள்ளபடியே அழகாக வலது பக்கம் திரும்பி, ஊர் வாத்துக்குளத்துக்குள் வண்டியை இறக்கினார்.

முன்சக்கரம் இரண்டும் தண்ணீரில் முங்கின. எஞ்சின் நின்றது.

"குளம் இருக்கறது தெரியலையா உங்களுக்கு?"

"தெரிஞ்சுது. பேசக் கூடாதுன்னீங்களே!"

எஞ்சின் மூடிக்குக் கீழேயிருந்து புஸ்ஸென்று ஆவி வந்தது, யாரோ தும்மியதுபோல. ஒரு பெரிய வாத்து மூடிமேல் ஏறி நின்று, உள்ளே இருந்த இருவரையும் மாறி மாறி முறைத்தது. சுங்கம் கட்டாமல் விடமாட்டேன் என்பது அதன் முகத்திலேயே தெரிந்தது.

பெர்னார்டின் தோள் குலுங்க ஆரம்பித்தது. சில நாளாக வராத சிரிப்பு அது; கண்ணில் நீர் வர, பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன சிரிப்பு?" என்றார் திருமதி பெக்.

"அது ஒண்ணுமில்ல," என்று பெர்னார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "முதல்லேருந்து படிச்சிருந்தாத்தான் புரியும்."

திருமதி பெக் சாவியைத் திருகி வெளியே எடுத்தார். பெர்னார்டின் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினார்.

"எஞ்சின் ஓடலை. இப்போ பேசலாமா?"

"பேசுங்க."

"இந்தப் பதிலையே கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் மேவிஸ் எங்க கடையில முப்பத்தெட்டையும் ஒண்ணொண்ணா வாங்கி, குளியலறையில கதவைச் சாத்திக்கிட்டுப் படிச்சு, ஈஸ்டருக்கே முடிச்சுட்டு, இப்போ ரெண்டாவது சுத்து படிக்கிறாங்க. நீங்களா வாயைத் திறக்கணும்னுதான் அந்தக் கேள்வியே. இனிமே நீங்க எதிலேருந்து ஆரம்பிச்சாலும் அவங்களுக்குப் புரியும்."