ஞாயிற்றுக்கிழமைக் கால்வலி

ஞாயிற்றுக்கிழமை தோறும் வீட்டைப் பெருக்கித் துடைக்கும் வேலையிலிருந்து எப்படியாவது தப்பித்துவிடுவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவு கட்டிவிட்டார். யோசனை தந்தவர் பக்கத்துக் கடை கடிகாரக்காரர். ஜிம்முக்குப் போய் வந்த மறுநாள் மனிதர் எழுந்திருக்கவே இல்லையாம். சாப்பாடு கட்டிலுக்கே வந்ததாம். ஆகா, வலிதான் வழி!

சனிக்கிழமையே ஜிம்மில் சேர்ந்தார். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். தொடை தீயாய் எரிந்தது, நிறுத்தியதும் அணைந்துபோனது. 'அட, இவ்வளவுதானா?' என்று பயந்துபோய் இன்னும் நாலு மடங்கு போட்டார்.

காலையில் பலன் கிடைத்தது. கட்டிலை விட்டு இறங்கச் சொன்னால் கால் இறங்கவில்லை. அவருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது.

"ஐயோ... அம்மா..."

மனைவி வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். திட்டம் போட்டபோது இது ஒன்றுதான் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"எங்கங்க வலிக்குது?"

"தொடை பூரா."

"ஒரு காலா, ரெண்டுமா?"

"ரெண்டும்தான். பாரபட்சமே இல்ல."

"சுருக்குனு குத்துதா, அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி."

முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் இல்லை. இவ்வளவு அக்கறையாக அவள் விசாரித்து வருஷக்கணக்காகிறது. அவர் உருகிப்போனார்.

"பயப்படாதீங்க. பழக்கமில்லாத தசை, மறுநாள் இப்படித்தான் வலிக்கும். சில நாள்ல தானா சரியாயிடும்."

"அதுவரைக்கும் படுத்தே இருக்கணுமா?" குரலில் ஆசையை மறைக்க அவர் பட்ட பாடு!

"படுத்தா இறுகிக்கும். நடமாடிட்டே இருக்கணும். கனமா எதையும் தூக்காதீங்க. துடைப்பம் மாதிரி லேசா ஏதாவது..."

கடைக்காரர் சட்டென்று இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "ஆ! இங்க சுருக்குனு குத்துது! இந்த ஒரு கால்தான்!"

"அப்படின்னா அது மூட்டு. விளையாட்டில்ல. உடனே டாக்டர்கிட்ட காட்டணும். ஊசி போட்டாலும் போடுவாரு. சட்டையை மாட்டுங்க."

கடைக்காரர் மெதுவாக முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

"ரெண்டு காலும்தான்மா."

"பந்தயத்தன்னைக்கு மட்டும் கால் வலிக்கிற பசங்களை எத்தனை பேரைப் பாத்திருப்பேன்! எழுந்திருங்க."

பெருக்கினார். துடைத்தார். கோபத்தில் ஜன்னல் கம்பிகளைக்கூட விடவில்லை. சாயங்காலம் மாடிப்படி இறங்கும்போதுதான் தெரிந்தது, நிஜமாகவே வலி பாதி குறைந்திருந்தது. அந்த ஆச்சரியத்தில் வாய் தவறி மனைவியிடமே சொல்லிவிட்டார்.

"பாத்தீங்களா! உங்க உடம்புக்கு இந்த வைத்தியம் நல்லா கேக்குது. விடக்கூடாது."

அவர் சேர்ந்த ஜிம்முக்கு இப்போது தினமும் அவள் போகிறாள். துடைப்ப வைத்தியம் மட்டும் வீட்டில் அவருக்கு நடக்கிறது.