மாப்பிள்ளையின் கறுப்பு வெள்ளைப் படம்

இது ஐப்பசியில் நடந்ததா, தையிலா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. பேச்சுகளில் சிலவற்றை நானே சேர்த்திருக்கவும் கூடும். ஆனால் பெண் வீட்டுக்கு அனுப்பச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று கதிர்வேல் சொன்னது உண்மை.

"ஒரே ஒரு போட்டோதானுங்க தம்பி கேக்கறேன்," என்றார் தரகர் அருணகிரி.

"போன் படம் பொய்ங்க. கன்னத்தை வழவழன்னு ஆக்கிருது. ஃபிலிம்லதான் எடுத்துக் குடுப்பேன்."

"முப்பத்தாறு வயசுக்கு அது பொய் சொன்னாத்தான் சாமி நல்லது," என்றாள் அம்மா மயிலம்மாள்.

புதுச்சத்திரம் பக்கம் பெண் கிடைக்காமல் நிற்கிறவர்கள் அதிகம். தீவன ஆலைக் கணக்கரான கதிர்வேலுக்கு நெடுநாளுக்குப் பிறகு பொருந்திய ஜாதகம் ராசிபுரத்து மோனிஷாவுடையது. இது தப்பினால் இன்னொன்று வருமா என்று யாருக்கும் தெரியாது.

கலர் ஃபிலிம் கிடைக்கவில்லை. கறுப்பு வெள்ளை வாங்கினான். வீட்டு வெளிச்சத்துக்கு ஆடாமல் உட்கார வேண்டும் என்பதால் வெள்ளைச் சட்டையோடு மர நாற்காலியில், சிரிக்காமல், மூச்சைப் பிடித்து உட்கார்ந்தான். மயிலம்மாள் தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரிவிட்டிருந்தாள். கேமராவைப் பிடித்தவர் அப்பா தங்கமுத்து.

வெகுநேரம் அமைதி.

"முடிஞ்சுதுங்களாப்பா?"

"அப்பவே முடிஞ்சுது. நீ இத்தனை நேரம் பேசாம இருந்து பாத்ததில்ல. அதான் பாத்துட்டு இருந்தேன்."

மிச்சச் சுருளை வீணாக்க மனமில்லாமல் கோழிகளை எடுத்தான். கோழிகள் ஆடாமல் நிற்கவில்லை. சுருள் தீரவே பல நாளானது. பிறகு கழுவுவதற்குச் சென்னைக்குப் போனது.

"அது வர்றதுக்குள்ள அந்தப் புள்ளைக்குக் கலியாணமாகிக் கொழந்தையே பொறந்துருமாட்டம் இருக்குது," என்றார் அருணகிரி.

படம் வந்தது. அதைச் செல்போனில் எடுத்து அனுப்பவும் கதிர்வேல் விடவில்லை. அருணகிரி ஜாதகத்தோடு கவரில் போட்டுப் பஸ் ஏறினார். பெண் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாளே பதில் வந்தது. "படம் ரொம்பப் புடிச்சுப்போச்சாம். வரச்சொல்றாங்க."

"உண்மைக்குன்னு ஒரு மரியாதை இருக்குதுங்க," என்றான் கதிர்வேல்.

ராசிபுரத்தில் காபி கொடுத்தார்கள். எல்லோரும் தங்கமுத்துவையே பார்த்தார்கள். கடைசியில் பெண்ணின் பெரியப்பா தனசேகர் அவரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஏனுங்க, எளவயசுல நல்ல லட்சணமா இருந்திருக்கறீங்க. அதைப் பாத்துத்தான் வரச்சொன்னோம். மாப்பிள்ளை போட்டோதான் கடைசிவரைக்கும் வரவே இல்லீங்களே."

மோனிஷா வாய்விட்டுச் சிரித்தாள். கதிர்வேலும் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு வேறு படம் யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் நடந்தது. அருணகிரி இப்போது படத்தின் பின்னால் பெயர் எழுதச் சொல்லி வாங்குகிறார். கதிர்வேல் இன்னும் ஃபிலிமில்தான் எடுக்கிறான். மோனிஷா எல்லாப் படத்திலும் அசைந்திருக்கிறாள். அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தை மயிலம்மாள் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். வருகிறவர்கள் யாரென்று கேட்டால், "நாந்தானுங்க," என்கிறார் தங்கமுத்து.