சதுப்பில் நிலைத்த தகடுகள்

"எங்க குளியலறைக் கண்ணாடிக்குப் பக்கத்துல மாட்டியிருக்கேன். அவ்வளவு பொருத்தம்."

பெட்ரோல் நிலையத்தில் காபிக்கு நின்றபோது, எனக்கு முன்னால் இருந்த பெண் தோழியிடம் சொன்னாள். கைபேசியில் படமும் காட்டினாள். எங்கள் சங்கத்தின் நீல ஆந்தைத் தகடு. அந்நியரிடம் பேச எனக்கு வராது. சங்கத்தில் போய்ச் சொன்னேன்.

மலைப்பாதைச் சங்கத்துக்கு நான் செயலாளர். நடப்பவர்கள் வழி தவறாமலிருக்க மரங்களில் நிலையான அடையாளம் வைப்பது சங்கத்தின் உயரிய நோக்கம். முதலில் பெயின்ட் அடித்தோம், உரிந்துபோனது. ஒட்டுப்பலகை வைத்தோம், முள்ளம்பன்றிகள் பசைக்கு ஆசைப்பட்டுத் தின்றுவிட்டன. ஆகவே நீடிப்பு ஆய்வுக் குழு கூடி, ஆந்தை வரைந்த எனாமல் தகட்டைத் தேர்ந்தெடுத்தது. அதைக் கொதிக்க வைத்தார்கள், உறைய வைத்தார்கள், மேலே ஜீப் ஓட்டினார்கள். கீறல்கூட விழவில்லை. காலத்தை வெல்லும் என்று தலைவர் ப்ரெஸ்காட் சான்றளித்தார். கோடை முடிவதற்குள் பாதையில் ஒன்றுகூட இல்லை.

இலையுதிர்காலச் சோதனையில் மரத்தில் தகடு இல்லாவிட்டால் பாதையை மூடுவோம் என்று வனத்துறை சொல்லிவிட்டது. மூடினால், பாதையின் மறுமுனையில் சூப் கடை வைத்திருக்கும் வாண்டா திபடோவும் கடையை மூட வேண்டியதுதான். மலையிறங்கி வருகிறவர்களைத் தவிர அவருக்கு வாடிக்கையாளர் கிடையாது.

அவசரக் கூட்டம் கூடியது.

"திருட்டுன்னு எழுதாதேம்மா" என்றார் ப்ரெஸ்காட். "தனியார் பாதுகாப்புக்கு மாறியவைன்னு எழுது."

எழுதினேன். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னேன். மூடுபனியில் வழி தெரியாமல் ஒரு தொண்டர் பாதையை விட்டு விலகி, சதுப்புக்குள் இருந்த மரங்களில் கொஞ்சம் தகடுகளை அடித்திருந்தார். அவை எல்லாம் அப்படியே இருந்தன.

"அங்க மட்டும் ஏன் இருக்கு?"

"அங்க யாரும் போறதில்ல சார்."

ப்ரெஸ்காட் கண்ணாடியைக் கழற்றினார். "வெயில் அதே வெயில். பனி அதே பனி. அப்ப தகட்டைக் கெடுக்கறது ஆளுங்கதான்."

மனித நடமாட்டத்தால் தகடுகளின் ஆயுளுக்கு நேரும் ஊறு கருதி, இனி அவை நடமாட்டமற்ற இடங்களில் மட்டுமே நிறுவப்படும் என்று தீர்மானம் வந்தது.

"தகடு சதுப்புல இருந்தா, ஆளு என் கடைக்கு எப்படி வருவான்?" என்று கேட்டார் கூட்டத்துக்கு வந்திருந்த வாண்டா.

"வாண்டா, நாம பேசறது தகடு நிலைக்கறதப் பத்தி. ஆளு நிலைக்கறதப் பத்தி இல்ல."

"சோதனையில தேறுமா?"

"நூத்துக்கு நூறு."

"அப்ப அடிங்க" என்று வாண்டாவே சுத்தியலை எடுத்துக் கொடுத்தார்.

அக்டோபரில் சோதனை அதிகாரி லிண்ட்க்விஸ்ட் வந்தார். முழங்கால் சேற்றில் மரத்துக்கு மரம் போனோம். எல்லாத் தகடுகளும் பளபளத்தன.

"இவ்வளவு நல்லாப் பராமரிச்ச பாதைய நான் பார்த்ததில்ல. கொஞ்சம் ஈரம்தான்" என்றார் அதிகாரி.

"இயற்கைக்கு இடைஞ்சல் பண்ணாத பாதை சார். இப்ப அதுதான் நாகரிகம்" என்றார் ப்ரெஸ்காட்.

அதிகாரி மகிழ்ந்து, தன் பையிலிருந்தே ஒரு திருப்புளியை எடுத்து ஒரு தகட்டை நெம்பினார். "மாதிரிக்கு ஒண்ணு எடுத்துக்கறேன்." அடுத்த மரத்தில் தலைவர் ஒன்று எடுத்தார், சங்கக் காப்பகத்துக்காக. பொருளாளர் கணக்குச் சரிபார்ப்புக்காக எடுத்தார். உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்தது. நான் குறிப்பேட்டில் இணைக்க ஒன்று எடுத்தேன். கடைசி மரத்தில் திரும்பிப் பார்த்தோம். மூடுபனி. எல்லாம் ஒரே மாதிரி ஊசியிலை மரங்கள்.

"வந்த வழி எது?" என்று கேட்டார் அதிகாரி.

ப்ரெஸ்காட் கைபேசியில் வாண்டாவைக் கூப்பிட்டார். அந்தச் சதுப்பில் கிரான்பெர்ரிப் பழம் பறிக்கப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

"எங்க நிக்கறீங்க தலைவரே?"

"தகடு இருந்த இடத்துல."

பொழுது சாயும்போது வாண்டா சேற்றை மிதித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கை நீட்டிய அதிகாரியிடம் ஒரு பேனாவைக் கொடுத்தார்.

"முதல்ல கையெழுத்து சார். அப்புறம் நடக்கலாம்."

ப்ரெஸ்காட்டின் முதுகில் தாளை வைத்து, பாதை தேறியது என்று அதிகாரி கையெழுத்திட்டார். வாண்டா சாக்குப்பையை விரித்துப் பிடித்தார்.

"இப்ப எடுத்ததைப் போடுங்க."

ஒவ்வொன்றாகப் போட்டோம். வாண்டா பைக்குள் கைவிட்டுத் துழாவி, கீறல் இல்லாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சட்டைக் கையில் சேற்றைத் துடைத்து, தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.