மூன்று நாளைக்கொரு முட்டை

குட்டையனுக்குத் தோள் எரிந்தது. அதைவிட வயிறு எரிந்தது. காலையிலிருந்து ஏழு பெட்டி, மூன்றாவது மாடி. அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் லிஃப்ட் விஞ்ஞானிகளுக்கு மட்டும்தான். காவலறை அலமாரியிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து வந்து திறந்தான். ஒரே ஒரு முட்டை.

"இன்னைக்கும் ஒண்ணுதான்டா!"

"நேத்து ரெண்டு தின்னியே, பத்தலையா?" என்றான் நெட்டையன்.

பதினோரு வருஷமாக எந்தப் பெட்டியைத் தூக்கினாலும் மறுமுனையில் நெட்டையன்தான். படியேறும்போது அவன் மேலே, இவன் கீழே. கனமெல்லாம் கீழே இருப்பவனுக்கு. தசை தேய்கிறது, முட்டை சாப்பிடு என்று டாக்டர் சொன்னார். மூன்று மாதமாக மனைவி முட்டை வைக்கிறாள். டப்பாவைத் திறந்தால் இரண்டு இருக்கும். சில நாள் ஒன்றுதான்.

மனைவி விடியுமுன் சலவைக்கூடத்துக்குப் போய்விடுவாள். சாயங்காலம் கேட்டான்.

"முட்டை தினமும் சரியா வைக்கிறியா?"

"தினமும் ஒரே மாதிரிதான் வைக்கிறேன். ஒரு நாளாவது கூட்டிக் குறைச்சிருக்கேனா? உனக்குக் குறை சொல்லாம தூக்கம் வராதே!"

மேற்கொண்டு கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் மூன்றாவது மாடியில் பெட்டியை இறக்கினார்கள். அங்கே இருக்கும் விஞ்ஞானியம்மாவின் அறைச் சுவரில் சிவப்பாக ஓர் உருண்டைப் படம்.

"இது என்னம்மா?"

"வேற ஒரு நட்சத்திரத்தைச் சுத்துற கிரகம். பூமியைவிட ரெண்டு மடங்கு பெருசு, எட்டு மடங்கு கனம். சூட்டுல பாறையெல்லாம் உருகிக் கிடக்கும். பதினெட்டு மணி நேரத்துல அதுக்கு ஒரு வருஷம் முடிஞ்சுடும்."

"அங்க பொறந்தா ஒன்னரை மாசத்துல ஓய்வு வயசு வந்துடுமே!" என்றான் நெட்டையன்.

குட்டையனுக்கு வேறு சந்தேகம். "எட்டு மடங்குன்னு யாரு தூக்கிப் பார்த்தது?"

அந்தம்மா சிரிக்கவில்லை. "கனமான பெட்டியைத் தூக்கினா நீங்க ஆடுவீங்கல்ல? அந்த நட்சத்திரமும் லேசா ஆடுது. அதை அளந்தோம்."

அந்தக் கட்டடத்தில் அவனை யாரும் இதுவரை நட்சத்திரத்தோடு சேர்த்துப் பேசியதில்லை. தோள்வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"அப்ப கண்ணால பார்க்கவே இல்லையா?"

"இல்லை. படம்கூட வரைஞ்சதுதான். நட்சத்திரத்தோட வெளிச்சம் பதினெட்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒரு துளி குறையுது. ஒரே இடைவெளியில குறைஞ்சா, நடுவுல ஏதோ வந்து போகுதுன்னு அர்த்தம்."

குட்டையன் அன்றைக்கே காவலறைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தான். இரண்டு, இரண்டு, ஒன்று. இரண்டு, இரண்டு, ஒன்று. பன்னிரண்டு நாளும் பிசகவில்லை. மாடிக்கு ஓடினான்.

"மூணு நாளைக்கு ஒருக்கா மங்குதும்மா!"

"முதல்ல நட்சத்திரமே தானா மங்குதான்னு பார்க்கணும்."

"கேட்டுட்டேன். தினமும் ஒரே மாதிரின்னு சொல்லிடுச்சு."

"அப்ப நடுவுல ஏதோ வருது" என்றார் அவர், ஏதோ நினைவில் தட்டச்சு செய்துகொண்டே.

நடுவில் வருவது யார்? காவலாளி மேல் சந்தேகமே இல்லை. அவனுக்கு இரண்டு நாள் வேலை, மூன்றாம் நாள் ஓய்வு. அன்றைக்குக் காவலறையில் ஆளே இருக்காது. ஆள் இல்லாத நாளாகப் பார்த்து எவனோ கை வைக்கிறான். குட்டையன் டப்பாவுக்கு ஒரு சின்னப் பூட்டு வாங்கிப் போட்டான்.

பூட்டிய நாளிலிருந்து தினமும் ஒரே முட்டைதான்.

ஒரு வாரம் பார்த்தான். பூட்டியும் எடுக்கிறான் என்றால் சாவி வேண்டும். சாவி சட்டைப்பையில். சட்டை ஆணியில். அதே ஆணியில் தொங்கும் இன்னொரு சட்டை நெட்டையனுடையது.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். "பசின்னா கேட்டு வாங்கித் தின்னுடா. கள்ளச்சாவி எதுக்கு? இதுவரைக்கும் முப்பது முட்டை."

நெட்டையன் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். "என்னையா சொல்ற?"

"மறுமுனையில வேற யாரு இருக்கா?"

மறுநாள் காலையில் நெட்டையன் ஒரு அட்டை முட்டையைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தான். முப்பது. "எண்ணிக்கோ. இனிமே உன் பெட்டியை நீயே தூக்கு." சொல்லிவிட்டுக் கிடங்குப் பக்கம் வேறு ஆட்களோடு சேர்ந்துகொண்டான்.

குட்டையன் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனான். பிள்ளைகள் நாலே நாளில் தீர்த்துவிட்டார்கள். வேலையில்தான் திண்டாட்டம். தனியாக ஒரு பெட்டியைப் படியில் இழுத்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. மறுமுனைக்கு ஆள் கொண்டுவராவிட்டால் வர வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். இத்தனைக்குப் பிறகும் டப்பாவில் ஒரே முட்டைதான்.

இடுப்பைப் பிடித்தபடி மாடியேறினான். "அவன் போயும் மங்கலாவே இருக்கும்மா."

விஞ்ஞானியம்மா இப்போதுதான் முழுதாகத் திரும்பிப் பார்த்தார். "எதைப் பத்திப் பேசுறீங்க?"

சொன்னான். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அப்ப நீங்க தப்பான கிரகத்தைப் புடிச்சிட்டீங்க."

"பின்ன எதும்மா சரியான கிரகம்?"

"தெரியலை. எங்களுக்கும் இப்படி ஆகும். எது மங்கின நாள், எது சாதாரண நாள்னு மறுபடியும் முதல்லேருந்து பார்க்கணும்."

குட்டையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கீழே இறங்கி வந்து டப்பாவை எடுத்தான். காவலாளி தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்தான்.

"கேக்கணும்னே இருந்தேண்ணே. டப்பாவுக்கு எதுக்குப் பூட்டு? முட்டையைத் தொடவே கூடாதுன்னு எனக்கு டாக்டர் உத்தரவு. வீட்டுல சொன்னா கேக்க மாட்டா, தினம் ஒண்ணு வச்சு அனுப்புறா. திருப்பிக் கொண்டுபோனா சண்டை. இந்த அலமாரியில உங்க டப்பாவுல மட்டும்தான் முட்டை இருந்துச்சு. சரி, தின்கிற ஆளுன்னு, வேலைக்கு வர்ற நாளெல்லாம் என்னோடதையும் அதுல போட்டுட்டிருந்தேன். இப்ப நான் எங்கண்ணே போடறது?"

நெட்டையனுக்கு முப்பது முட்டையும் ஒரு மன்னிப்பும் பாக்கி.