சின்ன முதலாளி செத்த வாரம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குச் சசிதரை எலி கடித்துக் கொன்றது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு எலி கொன்றது. மூன்றாவது தடவை அவன் எலியைக் கொன்றுவிட்டான். பின்னாலேயே வந்த அதன் கூட்டாளியிடம் செத்தான்.

"இத்தன சாவு சாகறவன் எதுக்குடா கத்தியத் தூக்கிட்டு வாரே" என்று கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள் அன்புச்செல்வி.

செத்தது விளையாட்டில் வரும் சசிதர். அசல் சசிதர், கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்த நூல் மில் முதலாளியின் மகன். நன்கொடை கொடுத்து வாங்கிய சீட்டில் இன்ஜினியரிங் படித்து, மூன்று பேப்பரில் ஃபெயிலாகி, டைரக்டர் ஆகியிருந்தான். மில்லில் எல்லோருக்கும் அவன் 'சின்னவர்'.

அன்புச்செல்வி எந்தப் பேப்பரிலும் ஃபெயிலாகாமல் பி.எஸ்ஸி. முடித்தவள். அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். அதனால் அதே மில் ஆபீஸில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். சனிக்கிழமையோடு ஆறு மாதம் முடிகிறது. அன்றைக்கு ஒன்று வேலை நிரந்தரமாகும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டும். அப்பா மாசாணம் அவசரப்பட்டு, "எம்புள்ள பர்மனன்ட் ஆயிருச்சு" என்று காலனி முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார்.

வில்லங்கம் திங்கட்கிழமையே தொடங்கியது. "டிஸ்க்ல இடமே இல்ல. பழைய ஃபைலையெல்லாம் அழிச்சுப்போடுங்க" என்றான் சசிதர். அழித்தாள். மறுநாள் காலை வந்து உட்கார்ந்தவன் அமைதியாகக் கேட்டான்.

"என்ற ஆளக் காணமே. லெவல் ஆறுல இருந்தான். அழிச்சுப்போட்டீங்களா?"

"நீங்க அழிக்கச் சொன்னதத்தானுங்க அழிச்சேன்."

"பழசத்தானே சொன்னேன். இது மூணு மாசமா வளத்த ஆளு." நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினான். "வெள்ளிக்கிழமைக்குள்ள மறுபடி லெவல் ஆறுக்குக் கொண்டாந்துருங்க. கொண்டாந்தா நானே அப்பாகிட்டச் சொல்லிப் பர்மனன்ட் பண்ண வெக்கறேன். இல்லாட்டி அப்பா என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாது."

தப்பு தன் மேல் என்று அவளுக்குத் தோன்றியது. அது தோன்றியதுதான் அவளுக்கு எரிச்சல்.

விளையாட்டின் விதி எளிமையானது. துருப்பிடித்த கத்தியோடு ஒருவன் பாதாளச் சாக்கடைக்குள் இறங்குவான். எலி, பாம்பு, குட்டிப் பூதம் என்று எதிரில் வருவதையெல்லாம் அடிக்க வேண்டும். அடித்தால் பாயிண்ட். பாயிண்ட் சேர்ந்தால் அடுத்த லெவல். உயிர் கூடும், நல்ல கத்தி கிடைக்கும். அடிபட்டால் சத்திரத்தில் படுத்துத் தூங்கி எழ வேண்டும். இந்தச் சத்திர விஷயம் தெரிவதற்குள் முதல் நாள் சசிதர் பத்தொன்பது தடவை செத்துவிட்டான். அதில் இரண்டு தடவை அவள் ஓட வழி இருந்தும் வேண்டுமென்றே ஓடாமல் நின்றாள். அந்த இரண்டும் மனசுக்கு இதமாக இருந்தன.

புதன்கிழமை மதியம் லெவல் மூன்றைத் தொடப்போன நேரத்தில் பாம்பு கடித்தது. ஆபீஸ் அட்டெண்டர் கரீம் டீயோடு வந்தார்.

"ஏனுங்க அம்மணி, மூஞ்சி இப்படிச் சுண்டிக் கெடக்குது?"

"சசி செத்துட்டான் கரீமண்ணா."

கதவருகே மேனேஜர் சுந்தரராஜுலு நின்றிருந்தார். அவர் விவரம் கேட்கும் பழக்கம் இல்லாதவர். நேராகப் போய் முதலாளி வீட்டுக்குப் போன் போட்டார். முதலாளியம்மா வெங்கடலட்சுமி போட்ட ஓலம் ரிசீவரைத் தாண்டி ஹாலுக்கே கேட்டது. அப்புறம் போன் கைமாறியது.

"ஹலோ, யாருங்க செத்தது?" என்று கேட்டான் சசிதர், வாய் நிறைய ரசஞ்சோற்றோடு.

விசாரணை அரை மணி நேரம் நடந்தது.

"விளையாட்டுன்னே வெச்சுக்குவோம்" என்றார் சுந்தரராஜுலு. "அதுக்காகச் சின்னவர 'செத்துட்டான்'னு சொல்லுவியா?"

"அது பொம்மைங்க சார்."

"பொம்மைக்கு யார் பேரு வெச்சிருக்குது?"

"அவரு பேருங்க."

"அப்ப மரியாதையாத்தான் சாகோணும். உங்க காலனில இருந்து வந்து ஏசி ரூம்ல உக்காந்திருக்கறதே பெருசு. வாய அடக்கிப் பழகு."

அவளை நீ, வா, போ என்று பேசிக்கொண்டே, சின்னவரை மரியாதையில்லாமல் பேசியதற்கு அவளுக்கு மெமோ கொடுத்தார்.

வியாழக்கிழமை சின்னவர் மரியாதையாகவே செத்தார். "பூதம் அடிச்சுப் போயிட்டாருங்க", "குழியில உழுந்து தவறிட்டாருங்க" என்று அவள் கரீமிடம் தாழ்ந்த குரலில் அறிவித்தாள். கரீமும் டீத் தட்டை இறக்கிவைத்துவிட்டு, "நல்ல மனுசன்" என்றார்.

ஆனால் அதற்குள் கை பழகிவிட்டது. லெவல் மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறினாள். ஏற ஏற அவளுக்கு ஒரு பொறாமை வந்தது. இத்தனை எலி, இத்தனை பாயிண்ட், உடனே அடுத்த லெவல். நடுவில் நின்று எந்த ஊர், எந்தத் தெரு என்று எந்தப் பூதமும் கேட்கவில்லை. இந்தச் சாக்கடையில் இருக்கும் நியாயம் மேலே ஆபீஸில் இல்லையே என்று நினைத்துக்கொண்டே ஒரு கையால் பூதத்தை வெட்டி, மறு கையால் லாரிச் சீட்டை டைப் அடித்தாள். நாற்பதாம் கவுண்ட் நூல் கேட்ட திருப்பூர்க்காரருக்கு அதைவிட மெல்லிய அறுபதாம் கவுண்ட் போய் இறங்கியது. லாரி திரும்பி வந்தது. கூடவே இரண்டாவது மெமோவும் வந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு லெவல் ஆறு.

சசிதர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். "பரவால்லீங்களே. கவசமெல்லாம் வாங்கி வெச்சிருக்கறீங்க."

"அப்பாகிட்டச் சொல்றேன்னு சொன்னீங்க."

"சொல்றேன், சொல்றேன். மொதல்ல இந்த டிராகன முடிச்சுக்கறேன்."

சனிக்கிழமை காலை சுந்தரராஜுலு கவரை நீட்டினார். ஒரே வாரத்தில் இரண்டு மெமோ. இனி அவள் சேவை தேவையில்லை. கவரை எடுத்துக்கொண்டு நேராகச் சசிதரிடம் போனாள். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டு மெமோ இருக்குதாமா. மெமோ இருந்தா நான் என்னங்க பண்றது?"

"அந்த ரெண்டும் உங்க ஆளக் காப்பாத்தப்போயி வந்ததுங்க."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்த மறைக்குது."

கேட் வரைக்கும் கரீம் கூடவே வந்தார். காலனியில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கும் அப்பாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்று யோசித்தபடி நடந்தாள் அன்புச்செல்வி.

"எத்தனாவது லெவல்ல குடுத்தீங்க அம்மணி?"

"ஆறு. நான் அழிச்சத நானே திருப்பிக் குடுத்துட்டேன். அந்த மட்டுக்கும் யாரும் என்னக் கொற சொல்ல முடியாதுண்ணா."

கரீம் வாட்ச்மேன் காதில் விழாதபடி குரலை இறக்கினார்.

"நீங்க எங்கீங்க அழிச்சீங்க? ஆட்டம் முடிஞ்சா சின்னவரே பழைய ஆள அழிச்சுப்போடுவாருங்க. புதுசா ஆரம்பிச்சு எலி அடிக்கறது அவருக்குப் போரடிக்குதுன்னு இருக்கற புள்ள மேல பழியப் போட்டு அடிக்க வெப்பாரு. உங்களுக்கு முன்னால இருந்த அம்மணி எட்டு வரைக்கும் ஏத்திக் குடுத்துச்சுங்க."